கீவேர்டும் என் ஓர்ப்படியும்

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் நடந்த கோச்சிங் சென்டரில் நான் 'வெர்பல் மேடம்'. கணக்குக்கு ஒரு சார், பொது அறிவுக்கு ஒரு சார். ஆங்கிலமும், ஆங்கிலத்தில் பத்தி கொடுத்துக் கேள்வி கேட்கும் ரீசனிங்கும் என் தலையில். இரண்டாயிரங்களின் நடுவில் நடந்தது இது. ரொம்ப நாளாக ஆள் எடுக்காமல் இருந்த வங்கிகள் மறுபடி விளம்பரம் கொடுக்கத் தொடங்கியிருந்தன. முடிச்சூர், படப்பை, ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று எல்லாப் பக்கமிருந்தும் பட்டதாரிகள் வந்து எங்கள் குறுகலான மாடிப்படியில் ஏறினார்கள். அதில் பாதிப் பேர் வேறு எங்கேயோ வேலை பார்த்துவிட்டு, சட்டை நனைய வந்து உட்கார்ந்து, என் வகுப்பில்தான் தூங்குவார்கள். கணக்கு வகுப்பில் தூங்க மாட்டார்கள். எனக்கு அது பெரிய அவமானமாக இருக்கும்.

சென்டர் முதலாளிக்கு அதைவிடப் பெரிய கவலை, என் பாடத்தில் பையன்கள் வாங்கும் மார்க். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"மேடம், பசங்க பேசேஜைப் படிக்க ஆரம்பிச்சா டைம் காலி. படிக்காமலே ஆன்சர் போடற மாதிரி ஏதாவது பண்ணிக் குடுங்க. டெல்லில எல்லாம் கீவேர்ட் மெத்தட்தான் நடக்குதாம்."

இலக்கியம் படித்து எம்.ஏ. முடித்தவள் நான். படிக்காமல் பதில் போடச் சொல்லிக்கொடுப்பதா என்று சிரித்துவிட்டுத்தான் வந்தேன். ஒரு வாரம் கழித்து அதையே செய்தேன். ஒரே தாள், இரண்டு பக்கம். முன்பக்கம் அருஞ்சொற்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு தமிழ்ச் சொல், அவ்வளவுதான், விளக்கம் கிடையாது. பின்பக்கம் ரீசனிங்குக்கான விதி. பத்திக்குக் கீழே சில வாக்கியங்கள் தருவார்கள். ஒவ்வொன்றும் உண்மையா, பொய்யா, அல்லது முடிவு சொல்லத் தகவல் போதாதா என்று குறிக்க வேண்டும். என் தாள் சொன்னது இதுதான். வாக்கியத்தில் 'ஆல்', 'ஒன்லி', 'நன்', 'நெவர்' என்று அடித்துப் பேசும் சொல் இருந்தால் பொய். 'சம்', 'மே', 'யூஷுவலி' என்று மென்று முழுங்கும் சொல் இருந்தால் உண்மை. இரண்டும் இல்லையென்றால் தகவல் போதாது. பத்தியை எட்டிப் பார்க்கவே வேண்டாம்.

தாள் ஓஹோவென்று ஓடியது. வாராந்திரத் தேர்வில் மார்க் ஏறியது. கீழே மருந்துக் கடைக்கு மாத்திரை வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்க்கும் அளவுக்கு, பிள்ளைகள் மாடியில் 'ஒன்லி வந்தா பொய்' என்று கோரஸ் பாடினார்கள். முதலாளி என்னை 'நம்ம மேடம்' என்று சொல்ல ஆரம்பித்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

எங்கள் வீடு முடிச்சூரில். வயலாக இருந்த இடத்தில் கல் நட்டு மனை பிரித்த நகர். மழை பெய்தால் தெரு எது, பக்கத்து மனை எது என்று தெரியாது. வீட்டில் மாமியார், அவருடைய இரண்டு பிள்ளைகள், இரண்டு மருமகள்கள். மூத்த மருமகள், அதாவது என் கணவரின் அண்ணன் மனைவி, அவரைத்தான் தலைப்பில் ஓர்ப்படி என்றேன். வீட்டில் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பி.எஸ்சி. கணிதம், பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் மீடியம். அதிகம் பேச மாட்டார். கேஸ் சிலிண்டர் எந்தக் கிழமை தீரும் என்று முன்கூட்டியே சொல்லுவார், அந்தக் கிழமை தீரும். எனக்கோ தீர்ந்த பிறகுகூட ஆட்டிப் பார்க்க வேண்டும்.

அக்கா வங்கித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார். முன்பே எழுதித் தோற்றிருந்தார். கணக்கில் அவரை அசைக்க முடியாது, ஆங்கிலத்தில் விழுந்துவிடுவார். அந்தத் தேர்வில் ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். கணக்கில் நூற்றுக்கு நூறே வாங்கினாலும் ஆங்கிலத்தில் கோட்டை விட்டால் மொத்தமும் போச்சு. போதாக்குறைக்கு, அடுத்த பிறந்த நாளோடு அவர் வயது வரம்பைத் தாண்டிவிடுவார். அந்த வருடத் தேர்வுதான் கடைசி.

எதற்கு அவ்வளவு பாடு என்று கேட்டால், அவர் அம்மாவுக்காக. அந்த அம்மா ஊரப்பாக்கத்தில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து வாக்கர் பிடித்துத்தான் நடை. ஒரே மகன் புனேயில். அவர் போனில் முடிவாகச் சொல்லிவிட்டார், பொங்கலை ஒட்டி வந்து அம்மாவை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டு வீட்டைக் காலி செய்யப்போகிறேன் என்று. அக்காவுக்கு அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் அம்மா வந்து தங்கிச் சாப்பிடுவதை எங்கள் பக்கத்தில் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அக்காவுக்குக் குழந்தை வேறு இல்லை. அந்தப் பேச்சு வீட்டில் அவ்வப்போது கிளம்பி அடங்கும். இந்த லட்சணத்தில் அவர் எதை வைத்துக் கேட்பார்?

மாடியில் துணி காயப்போடும்போது ஒருநாள் என்னிடம் சொன்னார்.

"வேலை கெடச்சா அத்தைகிட்ட கேப்பேன். எங்க அம்மாவ கூட்டிட்டு வரட்டுமான்னு. சம்பாதிக்கிறவ கேட்டா கொஞ்சம் யோசிப்பாங்கல்ல?"

யோசிப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். அன்றிலிருந்து வீட்டிலும் எனக்கு ஒரு வகுப்பு.

அவருக்கு ரீசனிங் சொல்லிக்கொடுப்பது லேசான காரியமில்லை. பத்தியோடு சண்டைக்குப் போவார். ஒரு பத்தியில், குறிப்பிட்ட வழித்தடத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து ஓடுகிறது என்று இருந்தது. கீழே, அந்த வழித்தடத்தில் ஒரு மணி நேரம் காத்திருப்பவர் ஒரு பேருந்தாவது பார்ப்பார் என்று வாக்கியம். அக்கா பொய் என்று குறித்தார்.

"ஏங்க்கா?"

"எந்த ஊர்ல பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு வருது? முடிச்சூர் ரோட்ல வந்து நிக்கச் சொல்லு."

"பத்தில வருதுன்னு போட்டிருக்கான்ல."

"போட்டா? பஸ் ஸ்டாப் போர்டுலகூடத்தான் போட்டிருக்கான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இந்தச் சண்டையை நிறுத்தத்தான் என் கீவேர்ட் தாளை அவரிடம் கொடுத்தேன். பத்தியைப் படித்தால்தானே அதோடு மல்லுக்கட்டுவார்? படிக்கவே வேண்டாம். சொல்லைப் பார், குறி, போய்க்கொண்டே இரு.

அவர் அதைப் பிடித்துக்கொண்ட விதத்தைப் பார்த்து எனக்கே பயம் வந்தது. சொற்களைச் சின்னச் சின்னச் சீட்டாக வெட்டி, சோற்றுப் பருக்கையைத் தேய்த்து, சமையலறைச் சுவரெங்கும் ஒட்டினார். மிக்ஸிக்கு மேலே கோபம், எரிச்சல் சம்பந்தமான சொற்கள். தண்ணீர்க் குடத்துக்கு மேலே கஞ்சத்தனம், தாராளம். விதிகளை மட்டும் தனியாக, அடுப்புக்கு நேர் எதிரே. மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு சுற்று பார்த்துவிட்டு, "சாமி படம் மாட்டவாவது எடம் விடும்மா" என்றார். குழம்பு கொதிக்கும்போது அக்காவின் உதடு அசைந்துகொண்டே இருக்கும்.

சென்டரில் நடக்கும் தேர்வுத் தாளை வீட்டுக்கும் கொண்டுவருவேன். அக்காவின் மார்க் முதலில் தட்டுத்தடுமாறி ஏறியது, பிறகு விறுவிறுவென்று ஏறியது. தேர்வுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, என் வகுப்பில் யாருமே வாங்காத மார்க்கை வாங்கினார். முதலாளியிடம் சொன்னேன். "உங்க ரிலேடிவ் போட்டோ ஒண்ணு ரெடியா வச்சுக்கோங்க மேடம், பேனருக்கு வேணும்" என்றார். அன்று வீட்டுக்குப் பால்கோவா வாங்கிக்கொண்டு போனேன். அக்கா அம்மாவிடம் போனில் பேசும்போது, "கொஞ்ச நாள் பொறுத்துக்கோம்மா, கொஞ்ச நாள்தான்" என்று சொன்னது காதில் விழுந்தது. எனக்கு அன்று ரொம்பச் சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா ஊரப்பாக்கம் போய் அம்மாவைக் குளிப்பாட்டி, துணி துவைத்துக் காயப்போட்டு, இரண்டு வேளைக்குச் சமைத்து வைத்துவிட்டு வருவார். தேர்வுக்குப் பத்து நாள்கூட இல்லாத ஒரு ஞாயிறு. நான் கொல்லைப்புறத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக வந்து நின்றார். கையில் அட்டை கிழிந்த ஒரு கைடு. தாம்பரம் சுரங்கப்பாதை வாசலில் பழைய புத்தகம் போட்டு விற்பவரிடம் வாங்கியது. போகும்போது ரயிலில் தொடங்கி, அம்மா தூங்கிய நேரத்தில் அதிலிருந்த ரீசனிங் முழுவதையும் போட்டுப் பார்த்திருக்கிறார்.

"இந்தப் புக்குல உன் சீட்டு வேலை செய்யல" என்றார்.

"பழைய புக்கா இருக்கும்க்கா. பேட்டர்ன் மாறியிருக்கும்."

"பழசுன்னா ஆன்சர் மாறுமா? நீயே கேளு."

நின்றபடியே படித்தார். ஒரு நிறுவனத்தில் ஐந்து வருடம் முடித்த ஊழியர்கள் மட்டுமே வீட்டுக் கடன் கேட்கலாம் என்று பத்தி. முதல் வாக்கியம், ஐந்து வருடம் முடிக்காத ஒருவரும் கடன் கேட்க முடியாது. இரண்டாவது, ஐந்து வருடம் முடித்தவர்களில் சிலருக்குக் கடன் கிடைத்தது.

"மொதல்ல 'நன்' இருக்கு. உன் சீட்டுப்படி பொய். ஆனா பத்தி அதத்தானே சொல்லுது? ரெண்டாவதுல 'சம்' இருக்கு, உன் சீட்டுப்படி உண்மை. ஆனா யாருக்காவது கெடச்சுதான்னு பத்தில எங்க இருக்கு? கேக்கலாம்னுதானே இருக்கு. நான் ரெண்டையும் தப்பாப் போட்டேன். இது மட்டுமில்ல. புக்கு முழுக்க இப்படித்தான். அங்கொண்ணு இங்கொண்ணுதான் சரியா வருது."

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

"உங்க சென்டர்ல டெஸ்ட் பேப்பர் யாரு போடறது?"

"நான்தான்."

"அந்த சீட்டு எழுதினது?"

"நான்தான்."

எனக்கு மெதுவாகப் புரிந்தது. கையில் மீன் செதிலோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வாரா வாரம் கேள்வித்தாள் தயாரிக்கும்போது என் கீவேர்ட் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தயாரித்தேன். 'ஒன்லி' போட்டு ஒரு பொய், 'சம்' போட்டு ஓர் உண்மை. சொல்லிக்கொடுத்ததைத்தானே பரீட்சையில் கேட்க வேண்டும் என்று அப்பாவியாக நினைத்துச் செய்தது. பிள்ளைகள் மார்க் வாங்கினார்கள். மார்க்கைப் பார்த்து முறை சரி என்று நான் நம்பினேன், முதலாளி நம்பினார், பிள்ளைகள் நம்பினார்கள். வெளியார் போட்ட ஒரு தாளை யாரும் கொண்டுவந்து வைத்துப் பார்க்கவில்லை.

"இத்தனை மாசமா நான் உன் பேப்பரத்தான் பாஸ் பண்ணிட்டிருந்திருக்கேன்" என்றார் அக்கா. "பேங்க் பேப்பர இல்ல."

உண்மையைச் சொல்வதானால், எனக்கு முதலில் வந்தது கோபம், அதுவும் அவர்மேல். தேர்வு இவ்வளவு நெருக்கத்தில் இருக்கும்போது யார் இவரைப் பழைய புத்தகம் வாங்கச் சொன்னது? பேசாமல் அந்த நம்பிக்கையோடே போய் எழுதியிருக்கக் கூடாதா? அந்தக் கோபம் மீனைக் கழுவி முடிப்பதற்குள் வடிந்துவிட்டது. அதற்குப் பதில் வந்த பயம் தேர்வு நாள் வரை போகவில்லை.

மறுநாள் முதலாளியிடம் போய், இந்தத் தாளை நிறுத்த வேண்டும், தேர்வுத் தாளை வெளியிலிருந்து வாங்க வேண்டும் என்றேன். அவர் பதறவில்லை.

"மேடம், இப்ப மார்க் கொறஞ்சா பசங்க பயந்துடுவாங்க. அடுத்த பேட்சும் வராது. பசங்களுக்கு தைரியம் குடுக்கறதுதான் நம்ம வேலை."

"தப்பான தைரியம் சார்."

"தைரியத்துல என்ன மேடம் தப்பு, சரி."

நல்ல பதில் எல்லாம் மாடிப்படி இறங்கிய பிறகுதான் எனக்கு வரும், அது என் ராசி. அன்று வகுப்பில் நானாகவே பிள்ளைகளிடம் சொன்னேன், பின்பக்கத்தை நம்பாதீர்கள், பத்தியைப் படியுங்கள் என்று. சிலர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். ஒருவன், "மேடம், லாஸ்ட் மினிட்ல கன்ஃப்யூஸ் பண்ணாதீங்க" என்று கும்பிட்டே விட்டான்.

வீட்டில் அக்கா அடுப்புக்கு எதிரே இருந்த விதிகளை மட்டும் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டார். மற்ற சீட்டுகளையும் கிழிக்கவா என்று நான் கேட்டதற்கு, "வார்த்தை இருக்கட்டும். அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். என்னோடு முகம் கொடுத்துப் பேசி இரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் பட்ட நிம்மதி கொஞ்சமல்ல.

மிச்சமிருந்த நாட்களில் அந்தக் கிழிந்த கைடை வைத்துக்கொண்டு பத்தியை முறையாகப் படிக்கப் பழகினோம். ஊர் உலகத்தில் நடப்பதை மறந்துவிட்டு, பத்திக்குள் இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டும். கணக்கில் 'கொடுக்கப்பட்டவை' என்று எழுதுவோமே, அது போலத்தான் என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார். சொல்லியிருக்கலாம். எனக்கே அப்போதுதானே தோன்றியது. சரியான பதில்கள் வரத் தொடங்கின. ஆனால் நேரம் போதவில்லை. தமிழ் மீடியத்தில் படித்தவர் ஆங்கிலப் பத்தியை இரண்டு தரம் வாசித்தால்தான் மனதில் நிற்கும். இரண்டு தரம் வாசித்தால் கடைசிப் பத்தி நின்றுபோகும். நான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். அவர் நெற்றி வேர்வையைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து எழுதுவார். நேரம் முடிந்தது என்று நான் சொல்லுவேன். தாள் அப்போதும் முடிந்திருக்காது.

தேர்வு மையம் குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடம். தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போனால், சிக்னல் கோளாறு, ரயில் எப்போது கிளம்பும் என்று தெரியாது என்றார்கள். வெளியே ஓடி ஆட்டோ பிடித்தோம். சானடோரியம் தாண்டுவதற்குள் ஆட்டோவும் நின்றுவிட்டது.

"இன்னா அண்ணா, போக மாட்டேங்குது?" என்று ஓட்டுநரின் பாஷையிலேயே கேட்டேன். அப்போதாவது விரட்டுவார் என்று ஒரு நப்பாசை.

"ரோடு ஃபுல்லா பேஜாரா கீதும்மா. முன்னால ஒரு லாரி குறுக்கால நின்னுகினு கீது. நான் இன்னா பண்றது?"

அக்கா மடியிலிருந்த ஹால்டிக்கெட்டைப் பார்த்தபடி இருந்தார். வாசல் கதவை மூடும் நேரம் அதில் போட்டிருந்தது. நான் ஓட்டுநரை விரட்ட, அவர் தனக்கு முன்னால் நின்ற பஸ்காரரை விரட்ட, யாராலும் ஒரு அடி நகர முடியவில்லை. கடைசியில் அக்கா இறங்கிவிட்டார். வெயிலில் ஜி.எஸ்.டி. ரோட்டின் ஓரமாக இரண்டு பேரும் ஓட்டமும் நடையுமாகப் போனோம். பள்ளிக்கூடத்துக் காவலாளி ஒரு கதவைச் சாத்திவிட்டு மற்றதைப் பிடித்திருந்தார். அக்கா அதில் நுழைந்து போனார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். மனதுக்குள் வேண்டிக்கொள்ளக்கூட எனக்குத் தெளிவு இல்லை. சுலபமான பத்தி வர வேண்டும் என்று வேண்டுவதா? என் தாளுக்கு ஒத்துப்போகும் பத்தி வர வேண்டும் என்று வேண்டுவதா?

வெளியே வந்தபோது அக்காவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் குடித்த பிறகுதான் பேசினார்.

"வார்த்தை நெறைய நம்ம சுவத்துல இருந்ததுதான். மிக்ஸி மேல ஒட்டினது அப்படியே வந்துச்சு." அதைச் சொல்லும்போது மட்டும் லேசாகச் சிரித்தார்.

"ரீசனிங்?"

"மொத ரெண்டு பத்தி படிச்சுதான் போட்டேன். மூணாவதுக்கு டைம் இல்ல. உன் சீட்டுப்படி போட்டுட்டு வந்துட்டேன்."

முடிவு வரும் வரைக்கும் அந்த மூன்றாவது பத்தி என்னைத் தூங்கவிடவில்லை. என்ன பத்தி என்று கேட்டால், படிக்கவே இல்லையே, எனக்கு எப்படித் தெரியும் என்றார்.

முடிவு பொங்கலுக்கு முன் வந்தது. தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர். கண்ணாடிக் கதவுக்குள் அறை அறையாகத் தடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு முக்காலி. இரண்டு பேரும் ஒரே முக்காலியில் ஒட்டி உட்கார்ந்தோம். பக்கம் இறங்குவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. வரிசை எண்கள் இறங்கி வந்தன. அக்காவுடைய எண்ணுக்கு முந்தைய எண் இருந்தது. அதற்கு அடுத்து இருந்தது வேறு யாருடையதோ.

"திரும்பப் பாரு" என்றார். பார்த்தேன். "மேல போய் மொதல்லேருந்து பாரு" என்றார். முதலிலிருந்து பார்த்தேன். பிறகு அவர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் உட்கார்ந்தபடியே அழுதேன். பக்கத்துத் தடுப்பில் எவனோ தேறிவிட்டு நண்பனுக்குப் போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தான்.

தேறாதவர்களுக்கு மார்க் அனுப்ப மாட்டார்கள். எதில் விழுந்தார், எவ்வளவில் விழுந்தார், ஒன்றும் தெரியாது. படித்துப் போட்ட இரண்டு பத்தி காலை வாரியதா, படிக்காமல் போட்ட ஒன்றா, அல்லது தேர்வு நெருக்கத்தில் கையிலிருந்த ஊன்றுகோலைப் பிடுங்கியதில் வந்த தடுமாற்றமா? கீவேர்ட் மனப்பாடம் செய்தால் உதவுமா என்று இன்றைக்கும் யாராவது பெற்றோர் என்னிடம் கேட்பார்கள். சொல்லுக்குப் பொருள் கேட்கும் இடத்தில் நிச்சயம் உதவும், அதை என் கண்ணால் பார்த்தேன். யோசிக்கச் சொல்லும் இடத்தில் அது யோசிக்க விடாது, அதையும் பார்த்தேன் என்பேன். மேலே கேட்டால் எனக்குக் கோபம் வரும். சென்டரில் அந்த வருடம் தேறிய பிள்ளைகளின் முகங்களோடு பெரிய பேனர் ஏறியது. கீழே 'கீவேர்ட் முறையின் வெற்றி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். தேறாதவர்களுக்கு யார் பேனர் வைப்பார்கள்? அடுத்த பேட்சுக்கு இடம் போதாமல் பெஞ்சு வாங்கினார் முதலாளி. நான் அந்த பேட்சுக்குப் போகவில்லை.

முடிவு வந்த பிறகு அக்கா வீட்டில் வழக்கம்போலத்தான் இருந்தார். சுவரிலிருந்த சீட்டுகளை ஈரத் துணியால் ஊறவைத்து எடுத்தார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. ஆறுதல் சொல்வதாக நினைத்து மாமியார், "எல்லாருமா பேங்க்ல உக்காந்திருக்காங்க" என்றார். அம்மாவைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அக்காவின் தம்பி புனேயிலிருந்து கிளம்பிவிட்டார் என்றும், ஞாயிற்றுக்கிழமை வண்டி வைத்து அம்மாவை அழைத்துப் போகிறார் என்றும் எனக்கு மட்டும் தெரியும். நானே மாமியாரிடம் பேசிப் பார்க்கலாமா என்று நினைத்து நினைத்து, தைரியம் வராமல் தள்ளிப்போட்டேன்.

ஞாயிறு காலை. எல்லோரும் எழுந்து காபி குடித்துக்கொண்டிருந்தோம். அக்கா தன் அறையிலிருந்து வந்தார். ஒரு கையில் சூட்கேஸ், மறு கையில் தலையணையும் போர்வையும் சுருட்டிக் கட்டிய மூட்டை.

"எங்கம்மா காலங்காத்தால?" என்றார் மாமியார்.

"ஊரப்பாக்கம் அத்தை. அம்மா வீட்டுக்கு."

"பெட்டியெல்லாம் எதுக்கு? சாயங்காலம் வந்துடுவேல்ல?"

"இல்ல அத்தை. இனி அங்கதான் இருக்கப் போறேன், அம்மா இருக்கற வரைக்கும்." குரல் ஏறவுமில்லை, நடுங்கவுமில்லை. "வேலை கெடச்சிருந்தா உங்ககிட்ட கேட்டிருப்பேன். கெடைக்கல. அதனால கேக்காம போறேன்."

அண்ணன், அதாவது அக்காவின் கணவர், தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, யாரை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். கேட்டிருந்தால் மாமியார் முடியாது என்று சொல்லியிருப்பார். இப்போது சொல்வதற்கு அவரிடம் எதுவும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம் வந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் காபியை விழுங்கினேன்.

"நான் என்ன பண்றது?" என்றார் அண்ணன் கடைசியில்.

"உங்க கம்பெனி மறைமலை நகர்ல இருக்கு. இங்கேருந்து போறதவிட அங்கேருந்து கிட்டதான்" என்றார் அக்கா. வாசல் வரை போய் செருப்பை மாட்டிக்கொண்டார். "வரதும் வராததும் உங்க இஷ்டம்."

தெருமுனை திரும்பும் வரை மூட்டையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போனார். அண்ணன் தம்ளரை என்னிடம் கொடுத்தார். உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். தன் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "பெட்டி கனமா இருக்கும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, அக்கா போன பக்கமாக ஓடினார்.